கையடக்க ஜிபிஎஸ் வாங்கப் போறீங்களா? பில் போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

வீடியோவில் சீக்கிரமா சொல்லிட்டுப் போன விஷயத்தை, கணக்கோட இங்கே எழுதுறேன். வீடியோ பார்க்காதவங்க இதை மட்டும் படிச்சாலும் போதும்.

விஷயம் இதுதான். "கார் ஓட்டும்போதும் வழி காட்டணும், ட்ரெக்கிங் போனாலும் கையில் இருக்கணும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஜிபிஎஸ் கருவியா எதை வாங்கலாம்?" சம்பளம் ஏறின கையோட, ஆபீஸ் ட்ரெக்கிங் குரூப்பில் சேர்ந்த கையோட இந்த ஆசை வருது. ரக்சாக் பட்டையில் ஒரு கார்மின் தொங்குற மாதிரி யாரோட போட்டோவையாவது பார்த்தா, நமக்கும் ஒண்ணு இருந்தா நல்லாருக்குமேன்னு தோணும். ஆசைப்படுறதில் தப்பே இல்லை. ஆனா கார்டைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லுங்க: போன ஒரு வருஷத்தில், சார்ஜ் போட வழியே இல்லாத இடத்தில் எத்தனை ராத்திரி தங்கினீங்க?

பூஜ்யம், ஒண்ணு, ரெண்டுன்னு பதில் வந்தா இந்தக் கருவி உங்களுக்குத் தேவையில்லை. இது என் கருத்து. கார்மின் மோசம்னு நான் சொல்லல, நல்ல கருவிதான். உங்க வாழ்க்கைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னுதான் சொல்றேன். பத்து ராத்திரிக்கு மேல வந்துச்சுன்னா, நேரா பதிவோட கடைசிப் பகுதிக்குப் போயிடலாம்.

டவர் இல்லன்னா ஜிபிஎஸ் வேலை செய்யாதா?

இந்த ஒரு நம்பிக்கைதான் இந்தக் கருவியைப் பாதி பேருக்கு விக்குது. "மலை மேல போன்ல சிக்னல் இருக்காது, அதனால தனி ஜிபிஎஸ் வேணும்." கேட்க நியாயமா இருக்கு, ஆனா உண்மை இல்லை.

ஜிபிஎஸ் சாட்டிலைட்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுத்திக்கிட்டு இருக்கு. அங்கிருந்து வர்ற சிக்னலை உங்க போனில் இருக்கும் சிப் நேரடியா வாங்குது. ரேடியோ கேட்கிற மாதிரி. அதுக்கு ஏர்டெல்லோ ஜியோவோ நடுவில் வேண்டியதில்லை. சிம்மைக் கழட்டி வச்சாலும், ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் அது வேலை செய்யும். நெட் தேவைப்படுறது மேப் படத்துக்கு மட்டும்தான். மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வச்சுட்டா, அந்த நீலப் புள்ளி காட்டுக்குள்ளேயும் உங்களோடயே வரும். நெட் இல்லாதப்போ முதல் தடவை இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். வெட்டவெளியில் சில நிமிஷம் பொறுமையா நில்லுங்க.

ஒரு சின்ன விஷயம்: கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் இறக்கினா கார் வழி மட்டும்தான் கிடைக்கும். நடக்கிற வழி ஆஃப்லைனில் வராது. அதனால ட்ரெக்கிங்குக்கு ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் மாதிரி செயலியை வச்சுக்கோங்க. ரெண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் ஓடுறவை. ஆர்கானிக் மேப்ஸ் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. மலையின் உயரக் கோடுகள், ஒத்தையடிப் பாதை, சில இடத்தில் ஓடைகூட இருக்கும். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவு வரைபடங்களையும் அவங்க தளத்தில் பதிவு செஞ்சு இலவசமா இறக்கிக்கலாம். அதை ஒரு பிரிண்ட் எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டா பேட்டரியே வேண்டாம்!

இப்போ கருவியைப் பாருங்க. கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் எடுத்துக்கலாம், பலரும் முதலில் பார்க்கிற மாடல் அதுதான். திரை 2.2 அங்குலம், 240-க்கு 320 புள்ளி. உங்க முதல் நோக்கியா கலர் போனை ஞாபகப்படுத்தும். ரெண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும், தண்ணியில் விழுந்தாலும் தாங்கும். அதெல்லாம் உண்மையான பலம், மறுக்கல. ஆனா நம்ம மலைகளுக்கு அதில் எந்த மேப்பைப் போடுவீங்க? பெரும்பாலும் அதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான். போனில் காசில்லாம பெரிய திரையில் பார்க்கிற படத்தை, காசு கொடுத்து சின்னத் திரையில் பார்க்கப் போறீங்க.

காருக்கு இது சுத்தமா ஆகாது

"ரெண்டுக்கும் ஒரே கருவி" என்ற யோசனை உடையுற இடம் இதுதான். ட்ரெக்கிங் ஜிபிஎஸ்ஸைக் கார் டாஷ்போர்டில் வச்சா, உள்ளங்கையில் பாதி அளவு திரையை ஓட்டிக்கிட்டே குனிஞ்சு பார்க்கணும். திருப்பம் வர்றதுக்கு முன்னாடி பீப்னு ஒரு சத்தம் போடும். "இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்"னு வாய் திறந்து சொல்லாது. பெருங்களத்தூரில் வண்டி நகராம நிக்குதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. காரில் நமக்கு வேண்டியதே அந்தத் தகவல்தானே? காருக்கு ஒரு நல்ல மொபைல் ஹோல்டர் போதும், சில நூறு ரூபாய். கையில் போனைப் பிடிச்சுக்கிட்டு வழி பார்த்தா அபராதம் வேற. 2020 அக்டோபரில் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுறவரோட கவனம் சிதறாத மாதிரி.

கார் வழிகாட்டியில் நிஜமான ஆபத்து சாட்டிலைட்டில் இல்லை, மேப்பில் இருக்கு. 2024 ஜனவரியில் கூடலூரில், மேப் காட்டின வழியை நம்பிப் போன ஒரு எஸ்யூவி படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கிச்சு. சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா அதே வருஷம் நவம்பரில், உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம், கட்டி முடிக்காத பாலத்தில் ஏறின கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூணு பேர் செத்துப்போனாங்க. அவங்களும் போன் காட்டின வழியில் போனதாத்தான் செய்தி. அந்த ரெண்டு இடத்திலும் ஜிபிஎஸ் சரியாத்தான் வேலை செஞ்சது, வண்டி எங்கே இருக்குன்னு அதுக்குத் துல்லியமா தெரியும். பாதைதான் இல்லை. எவ்வளவு விலை கொடுத்து ரிசீவர் வாங்கினாலும் இந்தத் தப்பு சரியாகாது. சொல்லப்போனா எப்பவோ ஒரு தடவை அப்டேட் செய்யற கருவியில் இது இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

மேப்பில் வராத வேற விஷயங்களும் இருக்கு. பெங்களூரில் வேலை பார்க்கிறவங்க வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் முடிச்சுட்டு ஊட்டிக்குக் கிளம்புவீங்க. பந்திப்பூர் காட்டு ரோட்டில் ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டி விட மாட்டாங்க. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்திலிருந்து இ-பாஸ் எடுக்கணும். இதையெல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடி நீங்கதான் பார்த்து வச்சுக்கணும்.

"பாதுகாப்புக்குத்தான் வாங்குறேன்"

இந்த வார்த்தைக்குத்தான் நான் பயப்படுறேன். பாதுகாப்புன்னு சொல்லிட்டா நம்ம மனசு விலையைப் பார்க்காது. அம்மா அப்பாகிட்டேயும் அதைச் சொல்லியே சமாளிச்சிடலாம்.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. சாதாரண கையடக்க ஜிபிஎஸ் வாங்கும், அனுப்பாது. நீங்க எங்கே இருக்கீங்கன்னு உங்களுக்குச் சொல்லும், வேற யாருக்கும் சொல்லாது. காலை உடைச்சுக்கிட்டு பாறை இடுக்கில் கிடந்தா, அந்தக் கருவி உங்க அட்சரேகை தீர்க்கரேகையைத் துல்லியமா காட்டிக்கிட்டே இருக்கும். தேடி வர்றவங்களுக்கு அது எப்படித் தெரியும்? இதைப் புரிஞ்சுக்காம இருபதாயிரம் செலவு பண்ணி, "இப்போ எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு தைரியம் வந்து, கூட்டத்தை விட்டுத் தனியா போறதுதான் நிஜமான ஆபத்து.

"அப்போ சாட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புற மாடல் வாங்கிக்கிறேன்"னு சொல்வீங்க. கொஞ்சம் நில்லுங்க. இன்ரீச் மாதிரியான சாட்டிலைட் தொடர்புக் கருவிகளைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாம இந்தியாவில் வச்சிருக்கிறதே சட்ட விரோதம். 2024 டிசம்பரில், கனடா நாட்டு ஓட்ட வீராங்கனை ஒருத்தர், பையில் இன்ரீச் இருந்ததால் கோவா விமான நிலையத்தில் பிடிபட்டு போலீஸ், கோர்ட், அபராதம்னு அலைஞ்சாங்க. அவங்க அதை மறைக்கக்கூட இல்லை. நம்ம ஆட்கள் என்ன பண்றோம்? ஆன்சைட்டில் இருக்கும் நண்பர்கிட்ட "வர்றப்போ அமெரிக்காவில் இருந்து ஒண்ணு வாங்கிட்டு வாடா, அங்கே விலை கம்மி"ன்னு சொல்றோம். அவர் உங்களுக்காக ஏர்போர்ட்டில் மாட்டிக்கணுமா? கார்மின் ஜிபிஎஸ்மேப் 67-ம், அதே பெயருக்குக் கடைசியில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து சேர்ந்த மாடலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். முதலாவது வெறும் ரிசீவர். ரெண்டாவதில் இன்ரீச் இருக்கு. அந்த ஒரு எழுத்தில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கு. ஐபோனில் வெளிநாட்டில் கிடைக்கிற சாட்டிலைட் எஸ்ஓஎஸ் வசதியையும் நம்பி இங்கே மலை ஏறிடாதீங்க, அது இந்தியாவில் இல்லை.

பாதுகாப்புன்னா வேற என்ன பண்றது? தமிழ்நாட்டில் இதுக்குப் பதில் கிட்டத்தட்ட தயாரா இருக்கு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவங்களை இழந்தோம். அதில் ஐடி வேலை பார்த்த, உங்க வயசுப் பிள்ளைகளும் இருந்தாங்க. நாலு பக்கமும் தீ வரும்போது கையில் எந்த மேப் இருந்து என்ன? அதுக்கப்புறம் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிகள் வந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செஞ்சு, அந்தந்த ஊர்ப் பழங்குடி இளைஞர்கள் கைடா கூட வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணினாங்க. எந்தப் பக்கம் யானை நடமாட்டம், எந்த ஓடை மதியத்துக்கு மேல பெருகும்னு எந்தக் கருவியிலும் இல்லாத மேப் அவங்க தலைக்குள்ள இருக்கு. கட்டணம் கொஞ்சம் அதிகம்னு முணுமுணுக்கிறவங்க, இருபதாயிரம் ரூபாய் கருவியைக் கார்ட்டில் வச்சுக்கிட்டு முணுமுணுக்காதீங்க. இன்னொண்ணு, மேப்பில் பாதை வரைஞ்சிருக்குன்னா அதில் நடக்க அனுமதி இருக்குன்னு அர்த்தம் இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாம நுழைஞ்சா வனத்துறை கேஸ் போடும்.

சரி, கணக்குக்கு வருவோம்

ஒரு பேச்சுக்கு கருவி ₹20,000-ன்னு வைங்க. வருஷத்துக்கு ரெண்டு ட்ரெக், நாலு வருஷம் உழைக்குதுன்னா மொத்தம் எட்டு தடவை. ஒரு தடவைக்கு ₹2,500. அதுவும் நீங்க நாலு வருஷமும் விடாம மலை ஏறினாத்தான். கல்யாணம், குழந்தை, வேற ஊர் மாற்றல்னு வந்தா அந்த எட்டு மூணாயிடும், உங்களுக்கே தெரியும்.

"நோ-காஸ்ட் இஎம்ஐ இருக்கே"ன்னு சொல்றவங்களுக்கு: ஆறு மாச இஎம்ஐ, 15% வட்டின்னா வட்டி சுமார் ₹850 வரும். அதைக் கடைக்காரர் தள்ளுபடியா முதலிலேயே கழிச்சிடுவார், சரி. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சுமார் ₹150, அது உங்க தலையில். பிராசசிங் கட்டணம் ₹199-ன்னு வச்சா அதுக்கும் ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட ₹400 போகும். பெரிய காசு இல்லைதான், ஆனா "நோ-காஸ்ட்" என்ற பெயருக்காவது கொஞ்சம் கூச்சப்படலாம்.

இந்த இருபதாயிரத்தை எஸ்ஐபியில் போட்டா முப்பது வருஷத்தில் எவ்வளவு ஆகும்னு டேபிள் போடப்போறேன்னு நினைச்சீங்களா? போடல. பயணத்துக்கான காசைப் பயணத்துக்கே செலவு பண்ணுங்க, எங்கே பண்றீங்கன்னு மட்டும் பாருங்க. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒண்ணு. (பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து 5,000 எம்ஏஎச் போனுக்கு ரெண்டு தடவை சார்ஜ் வரும்னு கணக்குப் போடாதீங்க. இழப்பெல்லாம் போக ஒண்ணரை தடவை வந்தா நல்லது.) தலையில் மாட்டுற டார்ச், ஒரு விசில், ஒழுங்கான ஷூ. இதுக்கெல்லாம் பாதிப் பணம்கூட ஆகாது.

மிச்சத்தில் செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, போட்டோவுக்கு நல்லா இருக்காது: இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் படிங்க. ஹெல்த் பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்குன்னு ஒரு வரி இருக்கும். ஐஆர்டிஏஐ வகுத்த பொது வாசகப்படி, அதில் தொழில்முறையா ஈடுபடுறவங்களுக்குத்தான் அந்த விலக்கு. வீக்எண்ட் ட்ரெக்கிங் போற உங்களுக்கு இல்லை. ஆனா தனி விபத்துக் காப்பீட்டில் வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால வாங்கும் முன்னாடி அந்தப் பக்கத்தைத் தேடிப் படிச்சுடுங்க. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வருஷத்துக்கு ₹20-க்கு ரெண்டு லட்சம் விபத்துக் காப்பீடு உங்க சேமிப்புக் கணக்கிலேயே எடுக்கலாம். ரெண்டு லட்சம் போதாதுதான். ஆனா இருபது ரூபாயைக் கட்டாம இருபதாயிரம் ரூபாய்க்கு "பாதுகாப்பு" வாங்குறவங்களை என்ன சொல்றது?

என் யோசனை, எல்லார் வீட்டு டிராயரிலும் தூங்குற பழைய போன். திரை விளிம்பில் கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை, பேட்டரி அரை நாள் தாங்கினாப் போதும். சிம் வேண்டாம். எல்லாத்தையும் அழிச்சுட்டு ஆர்கானிக் மேப்ஸ் மட்டும் போட்டு, தமிழ்நாடு, கேரளா மேப்பை இறக்கி, முழு சார்ஜ் போட்டு, ஆஃப் பண்ணி, ஜிப்லாக் கவரில் வச்சு ரக்சாக்குக்குள் போட்டுடுங்க. முதல் போன் தண்ணியில் விழுந்தா இது இருக்கு. வழி தவறாம இருக்க ரெண்டாவது கருவி வேணும்னு நினைக்கிறது சரியான எண்ணம்தான், அது உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. கிளம்புற முதல் நாள் மொட்டை மாடியில் நின்னு ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க. நீலப் புள்ளி உங்க தெருவில் வந்து நிக்கணும்.

அப்போ யார்தான் வாங்கணும்?

கைடு இல்லாம, நாலஞ்சு நாள் தொடர்ச்சியா, இமயமலைப் பக்கம் சொந்தமா கூடாரம் அடிச்சுப் போறவங்க. பனியில் போன் பேட்டரி நாற்பது சதவீதம் காட்டிக்கிட்டே திடீர்னு அணைஞ்சிடும். நனைஞ்ச விரலுக்கும் கையுறைக்கும் டச் ஸ்கிரீன் ஒத்துழைக்காது. அங்கே பட்டன் வச்ச கருவி தெய்வம். பறவைக் கணக்கெடுப்பு, காட்டுயிர் ஆய்வுன்னு மாசத்தில் பல நாள் காட்டிலேயே இருக்கிறவங்களும் வாங்கலாம், அது அவங்க தொழில் சாமான். ஏஜென்சி கூட்டத்தோட கேதார்கந்தா போயிட்டு வர்றவங்க இந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் கைடு நடக்கிறார்.

நீங்க அந்தச் சிலரில் ஒருத்தர்னா, ஏஏ பேட்டரி போடுற மாடலைத்தான் நான் சொல்வேன். ஜிபிஎஸ்மேப் 67 மாதிரி உள்ளேயே பேட்டரி வச்ச கருவி 180 மணி நேரம் ஓடும்னு கார்மினே சொல்லுது, பிரமாதம்தான். ஆனா நாலு வருஷம் கழிச்சு அந்தப் பேட்டரி தளர்ந்தா சர்வீஸுக்கு அனுப்பணும். ஏஏ பேட்டரி மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், கடுங்குளிருக்கு லித்தியம் ஏஏ போட்டுக்கலாம். சோலைக்காடு, ஆழமான பள்ளத்தாக்குன்னா ரெண்டு அலைவரிசை வாங்குற மாடல் நல்லது. ஜிபிஎஸ்மேப் 65 அந்த வகை, அது ஏஏ பேட்டரியிலும் ஓடும். ஈட்ரெக்ஸ் எஸ்இ பேட்டரியில் அசத்தும், ஆனா அதில் மேப்பே தெரியாது, அதனால முதல் கருவியா வேண்டாம்.

முதல் பயணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்க, ட்ரெக்கிங் சாமான் வாடகைக் கடைகளில் கேட்டா சில இடத்தில் கிடைக்கும். பழசா வாங்குறதா இருந்தா பேட்டரி மூடியைத் திறந்து பாருங்க, பழைய செல் கசிஞ்சு பச்சை பூத்திருந்தா வேண்டாம். யுஎஸ்பி வாயை மூடுற ரப்பர் கிழிஞ்சிருந்தா தண்ணி தாங்காது. வெளியே எடுத்துட்டுப் போய் ஆன் பண்ணித் தேதியைப் பாருங்க. ஜிபிஎஸ்ஸின் வார எண்ணிக்கை 2019 ஏப்ரலில் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் அப்டேட் ஆகாத சில பழைய கருவிகள் இருபது வருஷம் பின்னாடி தேதி காட்டும். புதுசோ பழசோ, பில்லும் மாடல் பெயரும் போனில் ஒரு போட்டோவா இருக்கட்டும். ஏர்போர்ட்டில் "இது என்ன?"ன்னு கேட்டா காட்டலாம்.

பழைய போனைத் தயார் பண்றதை அடுத்த வீடியோவில் செஞ்சே காட்டுறேன். டிராயரைத் துழாவி, சார்ஜரோட எடுத்து வச்சுக்கோங்க.